மெனு இல்லாத சமையல்: பெண்களின் சிறு தொழிலில் புதுமை எப்படி இயங்குகிறது?

சமையலை இரண்டு விதமாகத் தொடங்கலாம். இன்றைக்கு வத்தக்குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் என்று முதலிலேயே முடிவுசெய்து, குறைகிற சாமானை வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்புவது ஒன்று. அலமாரியைத் திறந்து, இருப்பதைப் பார்ப்பது இன்னொன்று. நாலு கத்திரிக்காய், கொஞ்சம் கடலைமாவு, மிஞ்சிய சாதம். இதிலிருந்து என்ன வரும் என்பது அடுப்பைப் பற்றவைக்கும்போது சமைப்பவருக்கே முழுசாகத் தெரியாது.

இந்த உவமையைத் தொழிலுக்குப் பொருத்திக் காட்டியவர் சரஸ் சரஸ்வதி என்ற மேலாண்மைப் பேராசிரியர். அமெரிக்காவில் பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமனிடம் ஆராய்ச்சி செய்தவர். அனுபவம் மிகுந்த 27 தொழில்முனைவோரை ஆராய்ந்து, 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார். பழுத்த கைகள் பெரும்பாலும் இரண்டாவது விதமாகத்தான் சமைக்கின்றன என்பது அவர் கண்டது. அவர் ஆராய்ந்தவர்கள் பெரிய நிறுவனங்களைக் கட்டியவர்கள். ஆனால் புதுச்சேரியின் வீட்டுத் திண்ணைத் தொழில்களுக்கு அது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். எப்படி என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில், அலமாரி. நான் யார், எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்ற மூன்று கேள்விகள்தான் அதன் மூன்று தட்டுகள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, புதுச்சேரியை ஒட்டிய மீனவக் குப்பங்களில் படகு இல்லை, மீன் இல்லை, மீன் விற்ற பெண்களுக்கு வேலையும் இல்லை. பக்கத்து ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனத்தை நடத்திவந்த உமா பிரஜாபதியிடம் இருந்தது, தைத்து மிஞ்சிய துணித் துண்டுகள். அந்தத் துணியையும் அந்தப் பெண்களின் கைகளையும் சேர்த்ததும் 2005-இல் ‘சுனாமிகா’ பிறந்தது. ஒரு விரல் நீளம்கூட இல்லாத துணிப் பொம்மை. அதற்கு விலை கிடையாது. பரிசாகக் கொடுப்பார்கள், பெற்றவர்கள் விரும்பினால் நன்கொடை தருவார்கள். துக்கத்தில் உறைந்திருந்த பெண்களின் கைக்கு ஒரு வேலை என்றுதான் அது தொடங்கியது. ஆனால் ஊசி பிடித்த கை சும்மா இருக்குமா? பிறகு மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும் துணிப்பைகள் தைக்கும் தொழிலாக வளர்ந்தது.

அடுத்து, அளவு. புது மசாலாவை முதல் தடவையே குண்டானில் கொட்ட மாட்டோம். ஒரு கரண்டிக் குழம்பில் கலந்து பார்ப்போம். கெட்டால் அந்தக் கரண்டியோடு போகும். ஆகவே “எவ்வளவு லாபம் வரும்?” என்பதற்கு முன்னால் “எவ்வளவு போனால் தாங்கும்?” என்ற கேள்வி வருகிறது. 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். முதல் நாள் சரக்கு நாலு பாக்கெட். அதுதான் லிஜ்ஜத் அப்பளத்தின் தொடக்கம்.

பிறகு, உப்புப் பார்க்கச் சொல்வது. இந்தப் படியில்தான் பாதிப் புதுமை நடக்கிறது. முத்தியால்பேட்டையில் வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கட்பீஸ் துணியில் பத்துப் பை தைத்து, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பரப்புகிறார். “அக்கா, உள்ளே போன் வைக்க ஒரு பாக்கெட் இருந்தா நல்லா இருக்குமே” என்கிறாள் ஒரு கல்லூரிப் பெண். வார்பட்டை தோளில் வெட்டுகிறது என்கிறார் இன்னொருவர். அடுத்த ஞாயிறு வரும் பையில் பாக்கெட்டும் இருக்கும், பட்டையும் அகலமாகியிருக்கும். பெரிய கம்பெனியில் இதே மாற்றத்துக்கு மூன்று கூட்டம் நடக்கும். இங்கே தைப்பவரும் விற்பவரும் ஒருவரே என்பதால் வாடிக்கையாளரின் பேச்சு நேராக ஊசிக்குப் போய்விடுகிறது.

சில சமயம் உப்புப் பார்ப்பவரும் சமைப்பவரே. ஆரோவில்லில் 2010-இல் தொடங்கிய ‘ஈகோ ஃபெம்’ துவைத்துப் பயன்படுத்தும் மாதவிடாய்த் துணி நாப்கின் தயாரிக்கிறது. தைப்பவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். மேலே மெத்தென்ற பருத்தி, அடியில் கசியாத ஓர் அடுக்கு, இரண்டு இறக்கை, நகராமல் இருக்க ஒரு பட்டன். எந்த இடத்தில் கசியும், எது உறுத்தும், துவைத்ததை எங்கே காயப்போட முடியாமல் தவிப்போம் என்பதெல்லாம் தைப்பவர்கள் உடம்பால் அறிந்தவை.

அதற்கடுத்து, பக்கத்து வீடு. நீங்கள் ரசம் வைக்கிறீர்கள். எதிர்வீட்டு அக்கா ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையோடு வருகிறார். சமையலே மாறிவிடுகிறது. ஈகோ ஃபெம்மில் வெளிநாட்டில் ஒருவர் ஒரு நாப்கின் வாங்கினால், அந்தப் பணம் இந்தியாவில் ஒரு பள்ளி மாணவிக்கு நாப்கின் கிடைக்கவும் உதவும் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அங்கே வாங்குபவரும் இங்கே சமையலில் பங்காளியாகிவிடுகிறார்.

கடைசியில், அடுப்பு. நேரமும் பணமும்தான் நெருப்பு. 2019-இல் எடுத்த அகில இந்திய நேரக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அதிலேயே நாளொன்றுக்கு சராசரியாக 299 நிமிடம் போனது, ஆண்களுக்கு 97. பெண்கள் நடத்தும் தொழிலில் புதுமை ஏன் குறைவு என்று கருத்தரங்கம் நடத்துகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் முதலில் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

பணத்தில் வேறொரு சிக்கல். வங்கி முதலில் திட்ட அறிக்கை கேட்கும். அதாவது மெனு. அலமாரியிலிருந்து தொடங்குபவரிடம் அது இருக்காது. மகளிர் சுயஉதவிக் குழுவின் உள்கடன் அப்படிக் கேட்பதில்லை. பத்து முதல் இருபது பேர் சேர்ந்து சேமித்த பணம். கேட்பவரைக் குழுவில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே முதல் கரண்டிக்குக் குழுக் கடன், குண்டானுக்கு வங்கி என்ற வரிசை சரியாக வரும். நாலு மாதம் விற்றதை நோட்டில் எழுதிவைத்திருந்தால், திட்ட அறிக்கையில் போடவேண்டிய எண்கள் அதிலேயே கிடைத்துவிடும். அந்த நோட்டோடு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றிக் கேட்கலாம். அதில் பெண்கள் கையிலிருந்து போடவேண்டியது 5 சதவீதம். மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம்.