ஷெட் இல்லைங்க, அதுவும் எஞ்சின்தான்

இங்கிலாந்தில், கார்ன்வால் கடலோரப் பாறைச் சரிவுல கூரையில்லாம ஒரு கல் கட்டடம் நிக்குது. வீல் கோட்ஸ் வெள்ளீயச் சுரங்கத்தோட டோவன்ரோத் எஞ்சின் ஹவுஸ், 1872-ல கட்டினது.

எஞ்சின் மழையில நனையாம இருக்கப் போட்ட ஷெட்னுதான் நான் நினைச்சேன். இல்லைங்க, கட்டடமே எஞ்சினோட ஒரு பாகம். ஒரு சுவர் மட்டும் ரொம்பத் தடிமன். அதுமேலதான் பல டன் இரும்பு உத்தரம் சீசா மாதிரி ஆடும். உள்முனையை நீராவி பிஸ்டன் கீழே இழுத்தா, வெளிமுனை குழிக்குள்ள தொங்குற பம்ப் தண்டைத் தூக்கும். தண்டு இறங்கும்போது அதோட எடையே தண்ணியை மேலே தள்ளும். செம டிசைன்!

இது நின்னா சுரங்கம் மூழ்கிடும். ராத்திரி பகலா ஓடணும். நிறுத்தினது பணம்தான்: வெள்ளீய விலை சரிஞ்சு 1889-ல மூடினாங்க, 1911-ல திறந்தும் ரொம்ப நாள் தாங்கல.

போட்டோ பார்த்தா, தடிச்ச சுவர் உச்சியில உத்தரம் நீட்டியிருந்த திறப்பைத் தேடுங்க. அதுக்கு நேர் கீழதான் குழி.