பெரிதாக இருந்தால்தான் பறக்கும்

சூலூர்க் குளத்தில் கூழைக்கடாக்கள் இறங்கும் பருவத்தில் கரையில் சற்று நேரம் நின்றால் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். நான்கைந்து கிலோ எடையுள்ள அந்தப் பறவை, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, இறக்கையை அடிக்காமலேயே வெகுதூரம் வழுக்கிக்கொண்டு போகும். அதே நேரத்தில் தலைக்கு மேல் சூலூர் விமானப்படைத் தளத்தின் தேஜஸ் ஒன்று இரைந்தபடி உயரே ஏறும். விமானம் செலவைப் பாராமல் உயரம் தேடுகிறது. பறவை செலவை மிச்சப்படுத்தத் தாழ்வைத் தேடுகிறது.

அந்தப் பறவையின் உத்தியை வைத்து உலகிலேயே மிகப் பெரிய பறக்கும் எந்திரத்தைக் கட்டிவிடலாம் என்று போயிங் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2002-ல் ஒரு திட்டத்தை வெளியிட்டது. பெயரும் பறவையுடையதுதான்: பெலிகன்.

திட்டத்தில் இருந்த அளவுகள் மலைக்க வைப்பவை. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 152 மீட்டர். முழுச் சுமையோடு புறப்படும்போது எடை சுமார் 2,700 டன். அதுவரை பறந்த விமானங்களிலேயே மிகக் கனமான அன்டோனோவ் 225-ன் உச்ச எடை 640 டன்தான். பெலிகன் தூக்கக்கூடிய சரக்கு மட்டுமே ஏறத்தாழ 1,270 டன். அதாவது ஒரே நடையில் 17 எம்-1 ஆப்ராம்ஸ் டாங்குகள். இந்தச் சுமையை ஓடுதளத்தில் தாங்க 76 டயர்கள். கடலுக்கு மேல் வெறும் ஆறு மீட்டர் உயரத்தில் பறக்கும். நிலம் குறுக்கிட்டால் 20,000 அடிக்கு ஏறி மற்ற விமானங்களைப் போலக் கடந்துபோகும்.

பெலிகன் கட்டப்படவில்லை. ஆனால் கற்பனையில் மிதந்த வெறும் படம் என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. அதன் அடிப்படை இயற்பியல் உறுதியானது.

காற்றுக்குப் போக்கிடம் இல்லாதபோது

விமான இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் கூடுதல், மேலே குறைவு. இந்த வித்தியாசம்தான் விமானத்தைத் தூக்குகிறது. ஆனால் இறக்கையின் நுனியில் கீழ்க்காற்று மேலே தப்பிக்க வழி இருக்கிறது. தப்பிக்கும் காற்று சுழலாகச் சுருண்டு பின்னால் நீள்கிறது. அந்தச் சுழலைச் சுழற்றும் ஆற்றலும் எஞ்சினின் எரிபொருளிலிருந்துதான் போகிறது. சீராகப் பறக்கும் ஒரு பயணிகள் விமானத்தை எதிர்க்கும் மொத்த இழுவையில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் இப்படித் தூக்குவதற்காகக் கொடுக்கும் விலை.

இறக்கை தரையையோ நீர்ப்பரப்பையோ நெருங்கும்போது இந்தச் சுழல் முழுதாகச் சுருள இடமில்லை. கீழ்க்காற்றும் இறக்கைக்கும் பரப்புக்கும் நடுவே அடைபட்டு அழுத்தம் கூடுகிறது. தூக்கும் விசை கூடி, இழுவை குறைகிறது. இதுதான் தரை விளைவு. விமானம் ஓட்டப் பழகும் மாணவர்கள் எல்லோரும் இதை அனுபவிக்கிறார்கள்: இறங்கப் போகும் கடைசி நொடிகளில் விமானம் தரையில் அமர மறுத்து மிதந்துகொண்டே போகும்.

இதை மண்டபத்தில் கடலோரக் காவல்படை வைத்திருக்கும் ஹோவர்கிராஃப்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹோவர்கிராஃப்ட் விசிறியால் காற்றைக் கீழே ஊதி, நின்ற இடத்திலேயே எழும்பும். தரைவிளைவுக் கலம் ஓடினால்தான் எழும்பும். அது இறக்கை உள்ள எந்திரம்.

எவ்வளவு நெருங்கினால் எவ்வளவு லாபம்? விமானிகளின் பாடநூல்களில் இதற்குக் கணக்கு இருக்கிறது. இறக்கை வீச்சின், அதாவது நுனிக்கு நுனி நீளத்தின், அளவுக்குச் சமமான உயரத்தில் பறந்தால், தூக்குவதற்குக் கொடுக்கும் இழுவையில் 1.4 சதவீதம்தான் மிச்சம். வீச்சில் கால் பங்கு உயரத்தில் 23.5 சதவீதம். பத்தில் ஒரு பங்கு உயரத்தில் 47.6 சதவீதம். இந்த வரிசையில் மீட்டர் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே இறக்கை வீச்சின் விகிதம். இந்த எந்திரங்களின் மொத்தக் கதையும் இங்கேதான் இருக்கிறது.

இறக்கை வீச்சு 15 மீட்டர் உள்ள சிறிய கலம் அந்த 47.6 சதவீதத்தைப் பெற ஒன்றரை மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும். குளத்தில் சரி. வங்காள விரிகுடாவில் ஒன்றரை மீட்டர் அலை ஒரு பெரிய விஷயமே இல்லை. 152 மீட்டர் வீச்சுள்ள பெலிகனுக்கோ பத்தில் ஒரு பங்கு என்பது 15 மீட்டர். ஆறு மீட்டரில் பறந்தால் அது இருபத்தைந்தில் ஒரு பங்கு. லாபம் இன்னும் கூடும், சாதாரண அலைகள் அடியில் ஒதுங்கிவிடும். கடலில் பயன்பட வேண்டுமென்றால் இந்த எந்திரம் பெரிதாக இருந்தாக வேண்டும். வடிவமைப்பாளர்கள் பிரம்மாண்டத்தின் மேல் கொண்ட ஆசையால் வந்த அளவல்ல அது. அலையின் உயரம் கேட்கும் அளவு.

காஸ்பியனில் ஓடியது

இந்த வழியில் மிகத் தொலைவு போனவர்கள் சோவியத் ஒன்றியத்தினர். ரொஸ்தீஸ்லாவ் அலெக்ஸேயெவ் என்ற பொறியாளரின் குழு 1966-ல் காஸ்பியன் கடலில் 92 மீட்டர் நீளமுள்ள ஒரு கலத்தைப் பறக்கவிட்டது. உச்ச எடை 544 டன். பத்து ஜெட் எஞ்சின்கள். அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு அது கப்பலா விமானமா என்று புரியவில்லை. ‘காஸ்பியன் பூதம்’ என்று பெயர் வைத்தார்கள். பதினான்கு ஆண்டுகள் சோதனைகளில் இருந்துவிட்டு 1980-ல் விபத்தில் மூழ்கியது. அலெக்ஸேயெவ் இறந்ததும் அதே ஆண்டில்தான்.

அவர் குழுவிலிருந்து படை வீரர்களையும் வண்டிகளையும் கரையில் இறக்கும் ‘ஓர்ல்யோனோக்’ வந்தது. பிறகு ஆறு ஏவுகணைகளை முதுகில் சுமக்கும் ‘லுன்’ 1987-ல் கடற்படையில் சேர்ந்தது. லுன் வகையின் இரண்டாவது கலத்தை மீட்புப் பணிக்கான மிதக்கும் மருத்துவமனையாக மாற்றத் தொடங்கினார்கள். சோவியத் சிதறியதும் அது முடியாமலே நின்றது. லுன் 2020-ல் தெர்பென்த் நகரக் கடற்கரைக்கு இழுத்து வரப்பட்டுக் காட்சிப் பொருளாகிவிட்டது. 2,500 டன் எடையில் கண்டம் விட்டுக் கண்டம் சரக்கும் பயணிகளும் ஏற்றிச் செல்லும் ‘பி-2500’ என்ற கடல் விமானத் திட்டத்தை ரஷ்யாவின் பெரியேவ் நிறுவனம் பிற்பாடு வரைந்தது. அதுவும் காகிதத்தைத் தாண்டவில்லை.

காஸ்பியன் பூதத்துக்கு ஏன் பத்து எஞ்சின்கள்? பறப்பதற்கு அல்ல, எழும்புவதற்கு. நீரில் நிற்கும் 500 டன் உடம்பைப் பிடித்து இழுப்பது காற்றல்ல, தண்ணீர். அந்தப் பிடியை உடைத்து வெளியே வர அசுர பலம் தேவை. முன்பக்கம் வரிசையாக நின்ற எட்டு எஞ்சின்கள் இறக்கைக்கு அடியில் காற்றை ஊதி எழுப்பிவிடும். எழும்பிய பிறகு அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. பயணம் முழுக்க வெறும் பாரம். பறக்கும்போது மிச்சப்படுத்தும் எரிபொருளில் பெரும் பகுதியை இந்தப் பாரமே தின்றுவிடும்.

இன்னொரு கணக்கும் உதைக்கிறது. பயணிகள் விமானங்கள் பத்து கிலோமீட்டருக்கு மேலே போவதற்குக் காரணம் அங்கே காற்று மெல்லியது. கடல் மட்டத்தில் காற்றின் அடர்த்தி அதைப் போல மூன்று மடங்கு. தரைவிளைவுக் கலம் சுழல் இழுவையை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அடர்ந்த காற்றைக் கிழித்துப் போவதால் உடல் உராய்வில் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. வேகம் கூடக்கூட இந்த நஷ்டம் வேகத்தின் இருமடியில் ஏறும். ஆகவே இந்த எந்திரம் ஜெட் விமானத்தோடு வேகத்தில் போட்டி போட முடியாது. அதன் இடம் கப்பலுக்கும் விமானத்துக்கும் நடுவில்.

ஓட்டுவதும் எளிதல்ல. நீரை ஒட்டிப் பறக்கும்போது விமானத்தைப் போலச் சாய்ந்து திரும்ப முடியாது. இறக்கை நுனி நீரில் பட்டுவிடும். திரும்ப வெகு அகலமான வட்டம் வேண்டும். உயரம் சற்றே மாறினாலும் இறக்கையின் தூக்குவிசை மையம் இடம் மாறி மூக்கு மேலே எழும்பப் பார்க்கும். அதை அடக்கத்தான் இந்தக் கலங்களுக்கெல்லாம் அவ்வளவு பெரிய வால்.

கப்பலுக்கும் விமானத்துக்கும் நடுவே

அந்த நடு இடம் எவ்வளவு பெறும் என்பது திருப்பூர்ப் பக்கத்து ஏற்றுமதியாளர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தூத்துக்குடியில் கப்பலேறும் பின்னலாடைப் பெட்டி, கொழும்பில் கப்பல் மாறி ஐரோப்பா சேர வாரக்கணக்காகும். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் 2023-ன் கடைசியிலிருந்து பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கி, அதற்கு மேலும் பத்துப் பதினைந்து நாள் கூடியது. கெடு தப்பினால் விமானத்தில்தான் அனுப்பியாக வேண்டும்; அந்தச் செலவில் ஆர்டரின் லாபமே கரைந்துபோகும்.

பெலிகன் இருந்திருந்தால்? மணிக்கு சுமார் 440 கிலோமீட்டர் வேகத்தில், 12,000 கிலோமீட்டர் கடல்வழியை அது 28 மணி நேரத்துக்குள் கடந்திருக்கும். பெட்டிக்கு 25 டன் வைத்தாலும் ஒரே நடையில் ஐம்பது நாற்பதடிக் கன்டெய்னர்களின் எடை. ஆனால் போயிங் இதை முதலில் ஆடைக்காக யோசிக்கவில்லை. ஒரு படைப்பிரிவை உலகின் எந்த மூலைக்கும் 96 மணி நேரத்தில் இறக்க வேண்டும் என்று அப்போது அமெரிக்க ராணுவம் வைத்திருந்த இலக்குதான் அதன் பின்னணி. ராணுவம் முதல் கலங்களை வாங்கினால் வணிகச் சரக்கு பின்னால் வரும் என்பது நம்பிக்கை. ராணுவம் வாங்கவில்லை.

பிறகு 2022-ல் அமெரிக்காவின் பாதுகாப்பு ஆய்வு முகமையான டார்பா, சி-17 விமானம் சுமக்கும் அளவுச் சரக்கோடு கடலிலேயே எழும்பி இறங்கும் ‘லிபர்ட்டி லிஃப்டர்’ திட்டத்தைத் தொடங்கியது. பெலிகனை விட அளவில் பல மடங்கு அடக்கமான இந்தத் திட்டமும், கலம் எதுவும் கட்டப்படாமலே 2025-ல் முடித்துவைக்கப்பட்டது.

இந்தத் திட்டங்கள் ஏன் நின்றுபோகின்றன என்பதற்கு விசைத்தறி ஊரான சோமனூரைப் பார்த்தால் போதும். அங்கே யாரும் நூறு தறியோடு தொழில் தொடங்குவதில்லை. நாலு விசைத்தறி போட்டு, கூலிக்குப் பாவு வாங்கி, காடாத் துணி ஓட்டி, அந்த வருமானத்தில் எட்டாக்கி, பிறகு கொட்டகையை நீட்டுவார்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குச் சம்பாதித்துக் கொடுக்கும். விமானத் தொழிலும் இப்படித்தான் வளர்ந்தது: இருவர் விமானத்தில் தொடங்கி ஐந்நூறு பேர் விமானம் வரை, ஒவ்வொரு அளவும் தன் காலத்தில் தன் செலவை ஈட்டியது. தரைவிளைவுக் கலத்துக்கு இந்த ஏணியில் நடுப்படிகள் இல்லை. சிறியது அலையில் தோற்கும். பெரியது முதல் கலத்திலேயே ஒரு நாட்டின் கஜானாவைக் கேட்கும். பெலிகன் கட்டப்படாததற்குக் காரணம் இயற்பியல் அல்ல, இந்த ஏணிதான்.

சென்னையிலிருந்து ஒரு முயற்சி

ஆகவே இன்று நடக்கும் முயற்சிகளெல்லாம் ஏணியின் அடிப்படியில் நிற்பவை. ஜெர்மன் பொறியாளர் லிப்பிஷ் உருவாக்கிய தலைகீழ் முக்கோண இறக்கையின் வழியில் வந்த, பத்துப் பேர் வரை ஏறக்கூடிய ‘ஏர்ஃபிஷ் 8’ சிங்கப்பூரில் இருக்கிறது. இங்கே, சென்னை ஐஐடியின் தொழில் வளர்ப்பு அமைப்பில் வளர்ந்த வாட்டர்ஃபிளை டெக்னாலஜிஸ் 2025 பிப்ரவரியில் பெங்களூரு ஏரோ இந்தியா கண்காட்சியில் தன் திட்டத்தை வைத்தது. சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு 1,600 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில், ஓர் இருக்கைக்கு 600 ரூபாய்ச் செலவில் கடக்கலாம் என்ற அதன் அறிவிப்பு நாடெங்கும் பேசப்பட்டது. முதலில் நூறு கிலோ மாதிரி, பிறகு ஒரு டன், அப்புறம் இருபது இருக்கைகள் என்று படிப்படியான திட்டம் அது. ஏணியின் அடிப்படியிலிருந்தே ஏறுவது சரியான முறை.

ஆனால் 600 ரூபாய் என்ற எண்ணை இதுவரை பார்த்த கணக்குகளோடு உரசிப் பார்க்க வேண்டும். இருபது பேர் கலத்தின் இறக்கை வீச்சு இருபது மீட்டர், பறக்கும் உயரம் நாலு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த உயரம் வீச்சில் ஐந்தில் ஒரு பங்கு. அங்கே தரை விளைவின் லாபம், பத்தில் ஒரு பங்கு உயரத்தில் கிடைப்பதைவிட வெகு குறைவு. மூன்று மணி நேரத்தில் போக மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். காஸ்பியன் பூதத்தின் வேகமே அந்த அளவுதான். அந்த வேகத்தில் அடர்ந்த காற்று வாங்கும் விலை மிகப் பெரிது. ஆந்திர, ஒடிசாக் கரைகளில் மீன்பிடிப் படகுகளும் வலைகளும் நெருக்கம். ஐப்பசி கார்த்திகையில் புயல்.

உண்மையில் இந்த எந்திரத்துக்கு ஏற்ற இந்தியக் கடல்வழி வேறிடத்தில் இருக்கிறது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு 220 முதல் 440 கிலோமீட்டர். கப்பலில் 14 முதல் 18 மணி நேரம். தீவுகளில் விமானம் இறங்குவது அகத்தியில் மட்டும். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அடக்கமான கலம்கூட அந்தத் தூரத்தை மூன்று மணி நேரத்துக்குள் சுருக்கிவிடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கடல் கொந்தளிக்கும்போது அது கரையில்தான் நிற்க வேண்டியிருக்கும். மற்ற எட்டு மாதமும் நோயாளியையும் மீனையும் தபாலையும் ஏற்றித் தன் செலவைத் தானே ஈட்டலாம். அந்த வருமானம்தான் இந்தத் தொழிலில் இதுவரை யாரும் போடாத நடுப்படி. அது வந்தால் அடுத்த அளவைப் பற்றிப் பேசலாம்; அதற்கு முன் வரையப்படும் ஒவ்வொரு பூதமும் பெலிகனுக்குப் பக்கத்தில்தான் போய்ச் சேரும்.