ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் வேண்டாம்

கழிப்பறைக் கறை ஆசிடுக்கு மசியவில்லை என்றால், அதன் மேலேயே ஒரு பிடி பிளீச்சிங் பவுடரைத் தூவிவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் இன்னும் பளிச்சென்று வெளுக்கும் என்ற நம்பிக்கை.

1774-இல் சுவீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மாங்கனீசு டை ஆக்சைடோடு சேர்த்துப் பார்த்தார். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், மூச்சை அடைக்கும் வாயு கிளம்பியது. அதுதான் குளோரின். நம் கழிப்பறை ஆசிடில் இருப்பதும் அதே அமிலம். மாங்கனீசின் வேலையைப் பிளீச்சிங் பவுடரில் உள்ள ஹைப்போகுளோரைட் செய்துவிடுகிறது. சூடேற்றக்கூட வேண்டாம்.

குளோரின் காற்றைவிட ஏறக்குறைய 2.5 மடங்கு கனமானது. தரையை ஒட்டியே தேங்கும். குந்தி உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்ப்பவரின் முகமும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்ததும் அது அமிலமாகிப் புண்ணாக்குகிறது.

கர்ப்பிணிக்கு இதில் ஆபத்து கூடுதல். புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அவருடைய மூச்சை ஆழமாக்குகிறது. மூச்சின் எண்ணிக்கை அதிகம் மாறுவதில்லை. ஆனால் நிமிடத்துக்கு உள்ளே போகும் காற்று 30 முதல் 50 சதவீதம் கூடுகிறது. இன்னோர் உயிருக்கும் சேர்த்து மூச்சுவிட உடல் செய்துகொள்ளும் அற்புதமான ஏற்பாடு இது. மறுபுறம், வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலின் கையிருப்புக் காற்று குறைகிறது. ஆக, நச்சு கலந்த காற்று கூடுதலாக உள்ளே போகிறது, மூச்சு திணறினால் சமாளிக்கும் அவகாசமோ குறைவு. அம்மாவின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் குழந்தைக்கு வேறு வழியில்லை.

குளோரின் நெடியடித்தாவது விரட்டும். அந்துருண்டை வாசனையையோ நாம் சுத்தத்தின் அடையாளமாகவே நினைக்கிறோம். பல உருண்டைகளில் இருக்கும் நாஃப்தலீன் உருகாமலே ஆவியாகும். தாயின் உடலுக்குள் போனால் நஞ்சுக்கொடியையும் தாண்டும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களை அது சிதைக்கக்கூடும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு எடுத்துவைக்கும் துணிகளுக்கு நடுவே அதைப் போடாதீர்கள்.

இதற்காகச் சோப்புத்தூளையும் பாத்திர சோப்பையும் கண்டு பயப்படத் தேவையில்லை. ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டால் போதும். பிளீச்சோடு ஆசிட், வினிகர், அமோனியா எதையும் கலக்காதீர்கள். நெடி ஏறினால் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். பிரசவம் முடியும்வரை கழிப்பறை கழுவும் வேலையை வீட்டில் வேறு யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள்.