குடலுக்கும் ஒரு ஷிப்ட் நேரம்

தண்டுவடத்தில் அடிபட்டவரைப் பார்க்க வருகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மறுபடி நடந்துடுவாரா?" மோஷன் எப்படிப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. வீல்சேரில் சில மாதங்கள் கழித்தவரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். நடக்க முடியாததைவிட, பஸ்ஸிலோ கல்யாண மண்டபத்திலோ தனக்கே தெரியாமல் மலம் வந்துவிடுமோ என்ற பயம்தான் தன்னை வீட்டோடு முடக்கியது என்று பலர் சொல்வார்கள். அந்தப் பயத்தைப் போக்க வழி இருக்கிறது. பெரிய செலவும் இல்லை. கூச்சத்தை விட்டுப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் தொழிற்பேட்டைப் பகுதியில் இந்தப் பேச்சு கூடுதலாகவே தேவைப்படுகிறது. உலகெங்கும் தண்டுவடக் காயத்துக்கு முதல் காரணங்கள் சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுவதும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் ஷிப்டுக்கு ஓடுகிறவர்களும், சாரத்தில் ஏறிக் கட்டட வேலை பார்க்கிறவர்களும் இங்கே ஏராளம். அடிபடுவது பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். அதன்பின் முப்பது, நாற்பது ஆண்டு வாழ்க்கை மீதியிருக்கிறது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தண்டுவடம் அடிபட்டதும் பெருங்குடல் வேலைநிறுத்தம் செய்வதில்லை. அதற்கென்று தனி நரம்பு வலை இருப்பதால் மலத்தைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் மெதுவாக. அறுந்துபோவது இரண்டு செய்திகள். 'வருகிறது' என்று குடல் மூளைக்குச் சொல்வது ஒன்று. 'கொஞ்சம் பொறு' என்று மூளை ஆசனவாய்த் தசைக்குச் சொல்வது இன்னொன்று. செய்தி வராவிட்டால் என்ன, நாமே ஒரு நேரம் குறித்து, அந்த நேரத்தில் குடலைக் காலி செய்துவிட்டால் மீதி நேரம் அது நம்மைத் தொந்தரவு செய்யாது. மருத்துவமனைகளில் குடல் பயிற்சி என்று சொல்லித்தருவது இதைத்தான்.

எந்த இடத்தில் அடி என்பதைப் பொறுத்து முறை மாறும். மலம் கழிப்பதற்கான நரம்பு மையம் தண்டுவடத்தின் நுனியில், ஏறக்குறைய முதல் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் இருக்கிறது. அதற்கு மேலே, கழுத்திலோ மார்பு முதுகிலோ அடி என்றால் மையம் தப்பித்திருக்கும். ஆசனவாய் இறுக்கமாக இருக்கும், தூண்டினால் தானாகத் தள்ளும். இது இறுக்கக் குடல். அடி அந்த மையத்திலோ அதற்குக் கீழேயோ என்றால் தசை தளர்ந்துவிடும், தூண்டினாலும் அசையாது, இருமினாலே கசியும். இது தளர்ந்த குடல். அடிபட்ட முதல் சில வாரங்கள் எல்லோருக்குமே தளர்ந்துதான் கிடக்கும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். டாக்டர் விரலால் பரிசோதித்துச் சொல்லட்டும். பக்கத்துப் படுக்கைக்காரர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்வதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. இருவருக்கும் வகை வேறாக இருக்கலாம்.

இறுக்கக் குடல்காரர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் அல்லது தினமும் செய்தால் போதும். சாப்பிட்டோ சூடாக டீ குடித்தோ அரை மணி நேரத்துக்குள் குடல் இயல்பாகவே கிளம்பும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நகம் வெட்டிய கையில் கையுறை, அதன்மேல் வழவழப்பான ஜெல். முதலில் ஆசனவாய்க்குள் மலம் நிற்கிறதா என்று ஒரு விரலால் பார்த்து, இருந்தால் எடுத்துவிட வேண்டும். பிறகுதான் சப்போசிட்டரி, அதாவது ஆசனவாயில் வைக்கும் மாத்திரை. பிசகோடில் 10 மில்லிகிராமோ கிளிசரினோ டாக்டர் எழுதித் தருவார். அது குடல் சுவரில் படும்படி இருக்க வேண்டும், மலத்துக்குள் செருகினால் வேலை செய்யாது. 'மாத்திரை வச்சும் வரலை' என்ற புகார்களில் பல இப்படித்தான் வருகின்றன. பதினைந்து இருபது நிமிடம் கழித்துக் கமோடு நாற்காலியில் உட்கார்ந்து, விரலை மெதுவாகச் சுவரையொட்டி வட்டமாக, பதினைந்து இருபது வினாடி சுழற்றினால் ஆசனவாய் தளர்ந்து மலம் இறங்கும். ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு தடவை தூண்டியும் ஒன்றும் வரவில்லை, அல்லது சளி மட்டும் வருகிறது என்றால் அன்றைய வேலை முடிந்தது.

தளர்ந்த குடலுக்குத் தூண்டலும் மாத்திரையும் பெரும்பாலும் பலிக்காது. முன்னால் குனிந்து, வயிற்றை வலது கீழ்ப்பக்கத்திலிருந்து மேலே, குறுக்கே, இடப்பக்கம் கீழே என்று நீவிவிட்டு, விரலால்தான் எடுக்க வேண்டும். தினமும் ஒரு தடவை, சிலருக்கு இரண்டு தடவை. இவர்களுக்கு மலம் சற்று கெட்டியாக இருப்பதுதான் நல்லது, இளகினால் கசியும். இறுக்கக் குடல்காரர்களுக்கு வாழைப்பழம் போல மென்மையாக, உருவத்தோடு வர வேண்டும்.

கைவிட்டு எடுப்பது என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. பெரும்பாலான வீடுகளில் இந்த வேலை மனைவி தலையிலோ அம்மா தலையிலோ விழுகிறது, அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. என் கருத்து இது: கை இரண்டும் நன்றாக இயங்குகிறவர் தனக்குத் தானே செய்யப் பழகிக்கொள்வதுதான் முறை. எட்டவில்லை என்றால் நீண்ட கைப்பிடி உள்ள கருவி இருக்கிறது, தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் கேட்டால் பழக்கித் தருவார். கழுத்தில் அடிபட்டுக் கைகளும் இயங்காதவருக்கு மட்டும்தான் அடுத்தவர் கை தவிர்க்க முடியாதது.

இங்கே ஷிப்ட் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் பல வீடுகளில் மனைவியோ தம்பியோ வாரம் மாறும் ஷிப்டில் போகிறார்கள். உதவுகிறவர் முதல் ஷிப்ட் என்றால் ராத்திரி, இரண்டாம் ஷிப்ட் என்றால் காலை, நைட் என்றால் எப்போதாவது என்று குடல் வேலையும் கூடவே மாறினால், பயிற்சி என்று ஒன்று உருவாகவே உருவாகாது. குடலுக்குப் பழக வேண்டியது கடிகாரம். எல்லா ஷிப்டிலும் வீட்டில் யாராவது ஒருவர் இருக்கிற ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடியுங்கள், அது அசாதாரண நேரமாக இருந்தாலும் பரவாயில்லை. காலையில்தான் போக வேண்டும் என்பது நம் வீட்டுப் பழக்கம், குடலுக்கு அப்படியொரு சட்டமில்லை. மருந்தையோ நேரத்தையோ சாப்பாட்டையோ மாற்றினால், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று முதல் ஐந்து முறை செய்து பார்த்தபின் முடிவெடுங்கள். "இன்னைக்கு விசேஷத்துக்குப் போறோம், நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் நாளில்தான் மண்டபத்தில் மானம் போகும்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கீரை, வாழைத்தண்டு, கொய்யா, கம்பு, கேழ்வரகு எல்லாம் நல்லது. ஆனால் நார்ச்சத்தைத் திடீரென அள்ளிப் போட்டால் மெதுவான குடல் இன்னும் அடைத்துக்கொண்டு வயிறு உப்பும். இசப்கோல் போன்ற பொடியைப் போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினாலும் அதே கதி. சிறுநீர்க் குழாய் போடும் தொல்லைக்குப் பயந்து தண்ணீரையே குறைப்பவர்கள் அதிகம். அப்படிச் செய்தால் மலம் கல்லாகும், சிறுநீரில் கிருமியும் சேரும். எவ்வளவு குடிக்கலாம் என்பதைக் குழாய் போடும் நேரங்களோடு சேர்த்து டாக்டரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். சிறுநீர்ப்பைக்குத் தரும் சில மாத்திரைகள், டிரமடால் போன்ற வலி மருந்து, இரும்புச் சத்து மாத்திரை ஆகியவை மலச்சிக்கலைக் கூட்டும். புது மருந்து எழுதும்போது இதைக் கேட்டுவிடுங்கள்.

மலச்சிக்கலின் ஒரு தந்திரத்தைத் தெரிந்துகொள்ளாமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே கெட்டி மலம் அடைத்து நிற்கும், அதன் ஓரமாகத் தண்ணீர் போலக் கசியும். வீட்டில் பேதி என்று நினைத்து, பேதியை நிறுத்தும் மாத்திரையை வாங்கிக் கொடுப்பார்கள். அடைப்பு இன்னும் இறுகும். பல நாள் சரியாகப் போகாதவருக்குத் திடீரென்று நீராகப் போனால் முதலில் அடைப்பைச் சந்தேகியுங்கள். வயிறு உப்பலோடு வாந்தி, அல்லது லேசான கீற்றாக இல்லாமல் தொடர்ந்து ரத்தம் என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. மார்பின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு, குடல் நிரம்பினாலோ விரலால் முரட்டுத்தனமாகத் தூண்டினாலோ ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது, மயிர்க்கூச்சம், நாடித் துடிப்பு குறைவது இதன் அடையாளங்கள். இவர்களுக்கு வழக்கமான மேல் அழுத்தமே 90 முதல் 110 வரைதான் இருக்கும். எனவே 140 என்று காட்டினால் 'கொஞ்சம்தானே கூட' என்று விட்டுவிடக் கூடாது. செய்துகொண்டிருப்பதை நிறுத்தி, ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, இடுப்பில் இறுக்கமானதைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அது சரியாக இருந்தால், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல் தடவிச் சில நிமிடம் பொறுத்து, உள்ளே மலம் நிற்கிறதா என்று மெதுவாகப் பாருங்கள். குறையவில்லை என்றால் 108. அடிக்கடி வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே அந்த ஜெல்லைப் பயன்படுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுத்தம் என்பது இங்கே தோலைக் காப்பது. உணர்ச்சியில்லாத இடத்தில் மலம் ஒட்டியிருந்தால் எரிச்சல் தெரியாது, மறுநாள் தோல் உரிந்திருக்கும், அதுதான் படுக்கைப் புண்ணின் வாசல். மிதமான சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டால் வேண்டாம். முன்னிருந்து பின்னாகக் கழுவுவது பெண்களுக்குச் சிறுநீர்க் கிருமியைத் தவிர்க்க முக்கியம். வெந்நீரின் சூட்டை உணர்ச்சியுள்ள கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். டயப்பர் வெளியூர்ப் பயணத்துக்குத் துணை. நாள் முழுக்க அதை மட்டும் நம்பியிருப்பது குடல் பயிற்சியைக் கைவிட்டதாகவே ஆகும்.

உட்காரும் இடம் மெத்தென்று இருக்க வேண்டும். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பிட்டத்தில் புண் உறுதி. இந்தப் பகுதியில் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம்? ரெக்சின் திண்டு, பிரேக் உள்ள சக்கரம், கை நுழைய ஒரு பக்கம் திறப்பு, கால் வைக்கப் பலகை, எங்கும் கூரான விளிம்பில்லாமல் ஒரு நாற்காலி செய்துகொள்ளலாம். இந்தியக் கழிப்பறைப் பீங்கானுக்கு மேலேயே அதைத் தள்ளி நிறுத்தலாம், வாசலில் படியும் குறுகல் கதவும் தடுக்காவிட்டால். வீல்சேர் நுழைய 900 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் வரிசை வீடுகளின் பொதுக் கழிப்பறைகளில் அவ்வளவு அகலக் கதவைப் பார்ப்பது அபூர்வம். அங்கே அறைக்குள் ஒரு திரையும் நாற்காலிக்குக் கீழ் வாளியும்தான் வழி.

இதையெல்லாம் கற்றுத்தரும் இடங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அதே நெடுஞ்சாலையில் சுமார் 100 கிலோமீட்டர் போனால் வேலூர். அங்கே சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954 ஜனவரியில் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார், பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியில் வந்தது. தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, 1981ல் அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் முதுகுத்தண்டு அடிபட்டவர். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

பணம், சட்டம் பற்றிச் சுருக்கமாக. இ.எஸ்.ஐ. உள்ளவருக்கு வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் வேலைக் காயமாகக் கருத 2010 முதல் இடமுண்டு. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் அதில் என்ன வசதிகள் செய்து தரும் என்றும் சொல்ல வேண்டும். வேலைக்குத் திரும்ப நினைத்தால் மனிதவளத் துறையிடம் முதலில் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள், அதில் கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் டிஸ்சார்ஜ் ஆகவில்லை என்றால் ஒரு வேண்டுகோள். மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். குடல் வேலையை நீங்களோ உங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரோ நர்ஸ் முன்னால் ஒரு தடவையாவது தன் கையால் செய்து காட்டிவிட்டு, அதன் பிறகு வீட்டுக்கு வாருங்கள்.