வெள்ளீயச் சுரங்கம் உணர்த்தும் பாடம்

வைபவங்களுக்குச் சமைக்கும் பெரிய செப்புப் பாத்திரங்களின் உட்புறத்தில் ஈயம் பூசப்படுவதை நம்மில் பலர் கண்டிருப்பர். அவ்வாறு பூசப்படும் உலோகம் வெள்ளீயமாகும். அதனைத் தேடி மலையைக் குடைந்தோர் விட்டுச்சென்ற பெருஞ்சுவடு, மலேசியாவின் குவாந்தான் நகருக்கு வடமேற்கே உள்ள சுங்கை லெம்பிங்கில் இருக்கின்றது.

பிரித்தானியக் கம்பனியொன்று 1906ஆம் ஆண்டு முதல் இங்கு சுரங்கத்தை நடத்தியது. கரும்பாறைக்குள் ஓடும் தாதுப் படிவைப் பின்தொடர்ந்து தோண்டப்பட்ட சுரங்கப் பாதைகளின் மொத்த நீளம் சுமார் 320 கிலோமீற்றர் எனக் கூறப்படுகின்றது. சுரங்கத்தை நம்பி ஒரு நகரமே எழுந்தது.

அந்நகரத்தின் விதி இலண்டன் சந்தையில் தீர்மானிக்கப்பட்டது. சர்வதேச வெள்ளீயப் பேரவை கடன் வாங்கி உலோகத்தைக் கொள்வனவு செய்து, விலையைச் செயற்கையாக உயர்த்தி வைத்திருந்தது. பிறேசில் போன்ற நாடுகளின் உற்பத்தி பெருகியது. கொள்கலன் தயாரிப்பில் அலுமினியம் புகுந்தது. 1985 ஒக்டோபரில் பேரவையின் பணம் தீர்ந்தது; விலை சரிந்தது. அடுத்த ஆண்டே சுங்கை லெம்பிங் சுரங்கம் மூடப்பட்டது.

மூடப்பட்ட சுரங்கம் விரைவில் பாழடைவதற்குக் காரணமுண்டு. ஆழ்சுரங்கங்களில் ஊறும் நீரை இயந்திரங்கள் இடையறாது வெளியேற்ற வேண்டும். அவை நின்றதும் கீழ்த்தளங்கள் நீரில் மூழ்குகின்றன. தாங்கு மரங்கள் உக்குகின்றன. காற்றோட்டம் அற்றுப் பிராணவாயு குறைகின்றது. ஆகவேதான் கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குள் ஆர்வமிகுதியால் நுழைவது உயிராபத்தாகும். சுங்கை லெம்பிங்கில் பாதுகாப்பாகச் சீரமைக்கப்பட்ட ஒரு பகுதி மட்டுமே பார்வையாளருக்குத் திறக்கப்பட்டுள்ளது. முகாமையாளர் வசித்த இல்லம் நூதனசாலையாகியுள்ளது. இங்கிலாந்தின் கோர்ன்வோல் பிரதேசச் சுரங்க நிலப்பரப்போ 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நமது நாட்டிற்கும் இக்கதை புதியதன்று. பென்சிலுக்குப் பயன்படும் காரீயத்தின் ஏற்றுமதி முதலாம் உலகப் போர்க் காலத்தில் உச்சத்தைத் தொட்டது. போர் முடிந்ததும் கேள்வி வீழ்ந்தது. பெருந்தொகையான குழிகள் கைவிடப்பட்டன. போகல, கஹட்டகஹ போன்ற சில சுரங்கங்களே எஞ்சின.

பூமிக்குள் கனியம் தீர்வதற்கு முன்னரே சந்தையில் அதன் மதிப்புத் தீர்ந்துவிடக்கூடும். ஒரே பொருளை நம்பி வாழும் எந்த ஊரும் இதனை மறத்தலாகாது. கைவிடப்பட்ட குழிகளுக்கு வேலியிடுவதும், அங்கு உழைத்தோரின் அனுபவங்களை அவர்கள் வாழும்போதே பதிவு செய்வதும் இன்றே ஆற்றவேண்டிய கடமைகளாகும்.