எழுதியதும் அழித்ததும்

சிலேட்டுப் பலகையில் எழுதிய கணக்கை ஈரத்துணியால் துடைத்துவிட்டால், முன்பு அங்கே என்ன இருந்தது என்பதை எவராலும் கூற இயலாது. காகிதத்தில் மையால் எழுதியதை அடித்துத் திருத்தினாலோ, அடித்த கோட்டின் கீழே பழைய சொல் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். பலகை மறந்துவிடுகிறது, காகிதம் நினைவில் வைத்துக் கொள்கிறது. இவ்விரண்டில் எது நல்லது? சரியான விடையைத் தவறாக அழித்துவிட்டவருக்குக் காகிதம் நல்லது. பிறர் பார்க்கக் கூடாத ஒன்றை எழுதிவிட்டவருக்குப் பலகையே நல்லது.

கணிப்பொறியில் எழுதுவோர்க்கும் இதே கேள்வி எழுகிறது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. பலகையின் மறதியும் காகிதத்தின் நினைவும் அவற்றின் இயல்பு. நாம் அவற்றை மாற்ற இயலாது. கணிப்பொறியிலோ எதை நினைவில் வைப்பது, எத்தனை நாள் வைப்பது என்பவற்றை ஒரு மனிதர் தீர்மானித்திருக்கிறார். நாம் எழுதப் பயன்படுத்தும் நிரலை ஆக்கியவரே அவர். அவர் செய்த தீர்மானத்தை நாம் மாற்றிக் கொள்ளலாம் என்பதைப் பலர் அறியார். அதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன்.

எழுத்துகளை மட்டும் கொண்ட கோப்புகளை ஆக்கவும் திருத்தவும் உதவும் நிரலை 'டெக்ஸ்ட் எடிட்டர்' என்பர். நாம் அதனை உரைதிருத்தி என்று அழைப்போம். உரைதிருத்தி வைத்துக்கொள்ளும் நினைவு நான்கு வகைப்படும். நாம் செய்த மாற்றத்தை விலக்கிப் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் 'அண்டூ' என்னும் நினைவு ஒன்று. கோப்பைச் சேமிக்கும்போது அதன் பழைய வடிவத்தைத் தனியே எடுத்து வைக்கும் காப்புப் படி இரண்டாவது. மின்சாரம் திடீரென்று நின்றுவிட்டால் வேலை வீணாகாதபடி இடையிடையே எழுதி வைக்கப்படும் மீட்புக் கோப்பு மூன்றாவது. எந்தெந்தக் கோப்புகளைத் திறந்தோம், எந்தச் சொற்களைத் தேடினோம் என்று குறித்து வைக்கும் நாட்குறிப்புப் போன்றது நான்காவது.

இந்த நினைவு வளர்ந்த வரலாறு சுவையானது. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பில் ஜாய் என்பவர் 'வீ.ஐ.' என்னும் உரைதிருத்தியை எழுதினார். அதில் கடைசியாகச் செய்த மாற்றம் ஒன்றைத்தான் விலக்கலாம். மறுமுறை விலக்கினால், விலக்கியதே விலகி மாற்றம் மீண்டும் வந்து நிற்கும்! 1991-இல் நெதர்லாந்து நாட்டினரான பிராம் மூலெனார் அதைப் பின்பற்றி 'விம்' என்னும் உரைதிருத்தியை வெளியிட்டார். சாதாரண அமைப்பில் இன்றைய விம் ஆயிரம் மாற்றங்கள் வரை நினைவில் வைக்கிறது. பத்து நிமிடங்களுக்கு முன் இக்கோப்பு எவ்வாறு இருந்ததோ அவ்வாறு காட்டு என்று அதற்குக் கட்டளையிடவும் முடியும்.

ஆயினும் நெடுங்காலம் வரை, உரைதிருத்தியை மூடியவுடன் இந்த நினைவு மறைந்துவிடும். 2010-இல் வெளிவந்த விம் 7.3 இதற்கு ஒரு வழி செய்தது. 'அண்டூஃபைல்' என்ற அமைப்பை இயக்கினால், மாற்றங்களின் வரலாறு வேறொரு கோப்பில் எழுதப்பட்டு வட்டில் தங்கும். மறுநாள் வந்து திறந்தாலும் நேற்றைய மாற்றத்தை விலக்கலாம். இடையில் வேறொரு நிரல் மூலக்கோப்பை மாற்றிவிட்டால் என்ன ஆகும்? விம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாத வரலாற்றைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடும். இந்த வசதி தானாக இயங்குவதில்லை. பயன்படுத்துவோர் கேட்டால்தான் இயங்கும். இது கவனிக்கத் தக்கது.

கேட்டுப் பெற வேண்டியதாக ஏன் வைத்தார்கள்? நன்மையோடு தீமையும் அதில் கலந்திருக்கிறது. ஒரு மாணவர் தம் நிரலில் சோதனைக்காகக் கடவுச்சொல் ஒன்றை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அதை அழித்துச் சேமித்து, கோப்புகள் இருக்கும் அடைவு முழுவதையும் நண்பருக்கு அனுப்புகிறார். கோப்பில் கடவுச்சொல் இல்லை. ஆனால் அதன் அருகிலேயே, பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாத வரலாற்றுக் கோப்பில், அழித்த கடவுச்சொல் அப்படியே இருக்கிறது! அழித்ததாக எண்ணியது அழியவில்லை. வரலாற்றுக் கோப்புகளை விம் தானாக ஒருபோதும் நீக்குவதில்லை. நாமே நீக்க வேண்டும்.

காப்புப் படியிலும் இதே இடர் உண்டு. 'ஈமாக்ஸ்' என்னும் மற்றொரு புகழ்பெற்ற உரைதிருத்தி, பழைய வடிவத்தை அதே பெயரின் இறுதியில் ஓர் அலைக்கோடு சேர்த்து அருகிலேயே வைப்பது வழக்கம். இணையதளம் ஒன்றை நடத்தும் சர்வரில் நேரடியாக இப்படித் திருத்தினால் விபரீதம் விளையலாம். நிரற்கோப்பை யாரேனும் கேட்டால், சர்வர் அந்த நிரலை இயக்கி விளைவை மட்டும் அனுப்பும். பெயரின் இறுதியில் அலைக்கோடு சேர்ந்த படியையோ, அது நிரல் என்று அறியாமல், உள்ளிருக்கும் எழுத்துகளை அப்படியே அனுப்பிவிடக்கூடும். அவற்றுள் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் இருந்தால், பூட்டிய வீட்டின் சாவியை வாயிற்படியிலேயே வைத்ததற்கு ஒப்பாகும்.

வரலாறு ஆவணத்துக்கு உள்ளேயே ஒளிந்திருப்பதும் உண்டு. 2003-இல் பிரிட்டிஷ் பிரதமர் அலுவலகம் ஈராக் நாட்டைப் பற்றிய அறிக்கை ஒன்றை 'வேர்ட்' கோப்பாகத் தன் இணையதளத்தில் வெளியிட்டது. அக்கோப்பைக் கடைசியாகச் சேமித்தவர்களின் பெயர்கள் அதன் உள்ளேயே பதிந்திருந்தன. அவற்றை வெளியார் படித்துவிட்டனர். ஓர் அரசாங்கமே அறியாமல் தன் குறிப்பேட்டைப் பிறர் கையில் கொடுத்துவிட்டது.

அப்படியானால் வரலாறே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா? அதுவும் தவறு. ஒரு மாத உழைப்பை ஒரு விசைத் தவறால் இழந்தவரைக் கேட்டால், நினைவின் அருமையை அவர் சொல்வார். நாம் செய்ய வேண்டியது நினைவை ஒழிப்பதன்று, ஆள்வது. அதற்கு மூன்று கேள்விகள் போதும். எது வைக்கப்படுகிறது? எங்கே வைக்கப்படுகிறது? எத்தனை காலம் வைக்கப்படுகிறது?

நல்ல உரைதிருத்தி இம்மூன்றையும் பயன்படுத்துவோர் கையில் விடுகிறது. 'விஷுவல் ஸ்டூடியோ கோட்' என்னும் உரைதிருத்தியில், 2022 மார்ச் மாத வெளியீட்டில், உள்ளூர் வரலாறு என்னும் வசதி சேர்க்கப்பட்டது. கோப்பைச் சேமிக்குந்தோறும் ஒரு படி எடுத்து வைக்கப்படும். சாதாரண அமைப்பில் ஒரு கோப்புக்கு 50 படிகள் வரை தங்கும். 256 கிலோபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகள் விலக்கப்படும். இவ்வெண்களைக் கூட்டலாம், குறைக்கலாம். இன்ன கோப்புகளுக்கு வரலாறு வேண்டாம் என்று பெயர் குறித்து விலக்கலாம். ஒரு படியை மட்டும் நீக்கலாம், எல்லாவற்றையும் துடைக்கலாம், வசதி முழுவதையுமே நிறுத்தலாம். விம் உரைதிருத்தியிலும் வரலாற்றுக் கோப்புகளைத் தனி அடைவில், நாம் மட்டும் படிக்கத்தக்க இடத்தில், வைக்குமாறு பணிக்கலாம். அப்போது அவை மூலக்கோப்போடு ஒட்டிக்கொண்டு பிறர் கைக்குச் செல்லமாட்டா.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பலருக்குப் பொதுவான கணிப்பொறியில் எழுதும் மாணவர்கள் மற்றொன்றையும் மறத்தல் ஆகாது. நான்காவதாக நாம் கூறிய நாட்குறிப்பு, 'விம்இன்ஃபோ' என்ற பெயரால் விம் வைத்திருப்பது, நாம் திறந்த கோப்புகளின் பெயரையும் தேடிய சொற்களையும் அடுத்து வருபவருக்குக் காட்டிவிடும். ஒரே பயனர் பெயரில் பலர் நுழையும் இடத்தில் அதை நிறுத்தி வைப்பதே முறை. தம் சொந்தக் கணிப்பொறியிலோ, அதுவே நேற்று விட்ட இடத்தை இன்று காட்டும் நல்ல துணை.

இன்னும் ஓர் எச்சரிக்கை. கோப்பும் அதன் வரலாறும் ஒரே வட்டில் இருந்தால், வட்டுப் பழுதானால் இரண்டும் ஒருங்கே அழியும். ஆகவே, உரைதிருத்தியின் வரலாறு வேறிடத்தில் வைக்கும் பிரதிக்கு ஈடாகாது.

புதிய உரைதிருத்தி ஒன்றைக் கையில் எடுக்கும் மாணவர், எழுத்தின் அளவையும் நிறத்தையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன், அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து மேற்சொன்ன மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவாராக. கால்மணி நேரத்துக்கு மேல் ஆகாது. எழுதுவது மட்டுமன்று, எழுதியதில் எது நிற்க வேண்டும், எது மறைய வேண்டும் என்று தீர்மானிப்பதும் எழுதியவரின் உரிமையேயாகும். அவ்வுரிமையைக் கேட்டுப் பெறாதவருக்கு, வேறொருவர் செய்த தீர்மானமே விதியாக அமைந்துவிடும்.