வழிவழி வந்த கடமை: போதைப் பொருள் உடன்படிக்கைகளும் இந்தியாவும்

ஓர் ஆட்சி நீங்கி மற்றோர் ஆட்சி ஏற்படும்போது, கருவூலமும் கடனும் புதிய அரசைச் சேருகின்றன. பழைய அரசு பிற நாடுகளுக்கு அளித்த வாக்குறுதிகளும் அவ்வாறே சேருமா? போதைப் பொருள்களைப் பொறுத்தவரை இக்கேள்வி மிக இன்றியமையாதது. ஒரு நாட்டில் கட்டுப்பாடு அற்றுப்போனால், அண்டை நாடுகளின் கட்டுப்பாடும் பயனற்றுவிடும். இந்தியா இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தது என்பதற்குப் பெங்களூரு நகரின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

சேரும் வழிகள்

பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றில் ஒரு நாடு மூன்று வழிகளில் உறுப்பாகலாம். முதலாவது, கையொப்பமிட்டுப் பின்னர் ஏற்புறுதி அளித்தல். 1961ஆம் ஆண்டின் போதை மருந்துகள் பற்றிய ஒற்றை உடன்படிக்கையில் இந்தியா அவ்வாண்டே கையொப்பமிட்டு, 1964இல் ஏற்புறுதி அளித்தது. இரண்டாவது, முன்னர்க் கையொப்பமிடாத நாடு பின்னர் இணைதல். மனமயக்கப் பொருள்கள் பற்றிய 1971ஆம் ஆண்டு உடன்படிக்கையில் 1975இலும், கள்ளக்கடத்தலுக்கு எதிரான 1988ஆம் ஆண்டு உடன்படிக்கையில் 1990இலும் இந்தியா இவ்வாறு இணைந்தது. மூன்றாவது, முந்தைய அரசின் கடமையை வாரிசுரிமையாக ஏற்றல். 1993இல் செக்கோஸ்லோவாகியா இரண்டாகப் பிரிந்தபோது, செக் குடியரசும் ஸ்லோவாகியாவும் 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையை இவ்வகையில் ஏற்றன.

விடுதலைக்கு முன்

1912ஆம் ஆண்டின் ஹேக் அபின் உடன்படிக்கை, பிரிட்டனின் கையொப்பத்தின் வாயிலாகவே பிரிட்டிஷ் இந்தியாவைக் கட்டுப்படுத்தியது. முதல் உலகப் போருக்குப்பின், வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 295ஆம் விதி, அதனை ஏற்கும் நாடுகள் அபின் உடன்படிக்கையையும் ஏற்றனவாகக் கருதப்படும் என்று வகுத்தது. அடிமை நாடாக இருந்தும் இந்தியா வெர்சேல்ஸில் தன் பெயரிலேயே கையொப்பமிட்டது. சர்வதேச சங்கத்தின் தொடக்க உறுப்பினராகவும் ஆயிற்று. 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையைச் செயற்படுத்த, 1930இல் அபாயகரமான மருந்துகள் சட்டம் இயற்றப்பட்டது.

ஆயினும் இச்சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. சுதேச சமஸ்தானங்களில் அது தானாகச் செல்லுபடியாகாது. அக்காலப் பெங்களூரோ இரு ஆட்சிகளின் கீழ் இருந்தது. பழைய நகரம் மைசூர் மகாராஜாவின் ஆளுகையிலும், தண்டுப் பகுதி எனப்பட்ட குடிமை-இராணுவ நிலையம் பிரிட்டிஷ் நிர்வாகத்திலும் இருந்தன. 1947 ஜூலையில்தான் தண்டுப் பகுதி மைசூரிடம் திருப்பி அளிக்கப்பட்டது.

வாரிசுரிமை

1946ஆம் ஆண்டு நெறிமுறை உடன்பாட்டின்படி, போதைப் பொருள் குறித்த சர்வதேச சங்கத்தின் பணிகள் ஐக்கிய நாடுகள் சபைக்கு மாறின. மறு ஆண்டு நாடு பிரிவினையுற்றபோது, பன்னாட்டு ஏற்பாடுகள் பற்றிய ஆணை ஒன்று பிறப்பிக்கப்பட்டது. அதன்படி, பன்னாட்டு அமைப்புகளின் உறுப்புரிமை இந்தியாவை மட்டுமே சேர்ந்தது. எனவே பாகிஸ்தான் ஐ.நா. சபையில் புதிதாகச் சேர வேண்டியிருந்தது. உடன்படிக்கைகளின் உரிமைகளும் கடமைகளுமோ பொதுவாக இரு நாடுகளையும் சேர்ந்தன. இலங்கையும் 1947 நவம்பரில் பிரிட்டனுடன் செய்துகொண்ட வெளிவிவகார ஒப்பந்தத்தில், தனக்குப் பொருந்தும் பழைய கடமைகளை ஏற்றுக்கொண்டது.

அதே ஆகஸ்டில் மைசூர் அரசர் ஜெயசாமராஜ உடையார் இணைப்புப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். அதில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்ட வெளிவிவகாரம் என்னும் பொருளில், பிற நாடுகளுடனான உடன்படிக்கைகளை நிறைவேற்றுவதும் அடங்கும்.

சட்டமாக மாறுதல்

எனினும், உடன்படிக்கை நாட்டைக் கட்டுப்படுத்துமே அன்றி, இந்தியாவில் அது தானாகவே எவரையும் தண்டிக்க இயலாது; அதற்குச் சட்டம் வேண்டும். அபின், அபாயகரமான மருந்துகள் ஆகியவை பற்றிய மத்தியச் சட்டங்கள், 1950ஆம் ஆண்டின் விரிவாக்கச் சட்டத்தால் மைசூர் உள்ளிட்ட ‘ஆ’ பிரிவு மாநிலங்களுக்கும் நீட்டிக்கப்பட்டன. மாநிலப் பட்டியலில் உள்ள பொருளாயினும், உடன்படிக்கையை நிறைவேற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அரசியலமைப்பின் 253ஆம் பிரிவு கூறுகிறது.

1961ஆம் ஆண்டு உடன்படிக்கையை ஏற்றபோது, இந்தியா அது அனுமதித்த இடைக்கால விலக்குகளைப் பெற்றுக்கொண்டது. நாட்டு வைத்தியம் போன்ற முறைகளில் அபின் உண்பதற்கு 15 ஆண்டுகளும், மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டுக்கு 25 ஆண்டுகளும் தவணை. பிந்தைய தவணை 1989இல் முடியவிருந்த நிலையில், 1985இல் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பூவும் காயும் கலவாத கஞ்சா இலை உடன்படிக்கையின் இலக்கணத்தில் அடங்காது. ஆகவேதான் பாங்கு இச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்றது.

மறுபாதிக் கடமை

உடன்படிக்கை என்றதும் தடையும் தண்டனையுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் முகவுரை, நோவு தணிக்கப் போதை மருந்துகள் இன்றியமையாதவை என்றும், அவை போதிய அளவில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. ஒவ்வொரு நாடும் தன் மருத்துவத் தேவையை ஆண்டுதோறும் மதிப்பிட்டு, வியன்னாவில் உள்ள பன்னாட்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அளிக்க வேண்டும்.

இப்பாதியே பின்தங்கியது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர்கள் அபின் விளைவிக்கின்றனர். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் உள்ளன. இருந்தும் 1985க்குப் பின்னர் உள்நாட்டில் மார்பின் பயன்பாடு பெரிதும் சரிந்தது. கடுந்தண்டனை பற்றிய அச்சமும், மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட பல உரிமங்களும் அதற்குக் காரணங்களாயின. பெங்களூரின் கிட்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களுக்கு நோவுடன் வருவோருக்கு, மார்பின் ஆடம்பரமன்று, அடிப்படைத் தேவை.

2014ஆம் ஆண்டுத் திருத்தம் ‘இன்றியமையாப் போதை மருந்துகள்’ என்னும் வகையை ஏற்படுத்தியது. 2015இல் மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அவ்வகையில் அறிவிக்கப்பட்டு, நாடு முழுமைக்கும் ஒரே விதிமுறை வகுக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒப்புதலோடு இவற்றை வைத்திருக்கலாம்.

இந்தியா ஏற்ற கடமையில் கடத்தலைத் தடுப்பதும் நோவைத் தணிப்பதும் சம பங்குகளாகும். எனவே அதன் நிறைவேற்றத்தை, கைப்பற்றப்பட்ட போதைப் பொருளின் எடையை மட்டும் கொண்டு அளப்பது போதாது. மாவட்ட மருத்துவமனையின் மருந்தறையில் மார்பின் இருக்கிறதா என்பதையும் நிர்வாகிகள் கணக்கில் கொள்ளல் வேண்டும்.